வானொலிக்குப் புதுமனை



நான் சிறுவனாக இருந்த நாட்களில், 1970-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், எங்கள் வெம்பக்கோட்டை வட்டாரத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் ஊராட்சிக்கென ஒரு ரேடியோப் பெட்டி உண்டு. பெட்டி கட்டிடத்துக்குள் பூட்டப்பட்டிருக்கும். ஒலிபெருக்கிக் குழாய் மட்டும் கூரைக்கு மேல் ஊரைப் பார்த்து நிற்கும். மாலையில் ஊராட்சிப் பணியாளர் ஒருவர் வந்து பூட்டைத் திறந்து குமிழைத் திருகுவார். உழவர்க்கான நிகழ்ச்சியும் மாநிலச் செய்தியும் வேப்பமரத்தடியில் அமர்ந்திருப்போர் செவிகளில் தாமாகவே வந்து விழும். கேட்பவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. எழுத்தறியாதவரும் கேட்டார், கண் தெரியாதவரும் கேட்டார், ரேடியோ வாங்க வகையற்றவரும் கேட்டார்.

அக்குழாய்கள் மறைந்தன. வானொலி இப்போது பெரும்பாலும் கைபேசிக்குள் குடியேறிவிட்டது. இணையத்தளம், செயலி, காணொளித் தளம் என ஒலிபரப்பு நிறுவனம் ஒவ்வொன்றுக்கும் வாசல்கள் பல உண்டாகிவிட்டன. அவ்வாசல்களைக் கட்டுவோர் யாவர், கட்டி முடித்தபின் அவர்கள் எங்கே போகிறார்கள் என்பதே இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள். தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு, அதைச் சற்றுப் பின்னர்ச் சொல்கிறேன்.

நம் நாட்டில் ஒலிபரப்பு மனை மாறுவது இது முதன்முறை அன்று. 1924-இல் கிருஷ்ணசாமி செட்டியார் என்பவரின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் தோன்றி ஒலிபரப்பைத் தொடங்கிற்று. மூன்றே ஆண்டுகளில் பணமுடையால் அது நின்றது. 1930-இல் சென்னை மாநகராட்சி அப்பணியை மேற்கொண்டது. 1938 ஜூனில் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், அடுத்த ஆண்டு திருச்சி நிலையமும், 1963-இல் எங்கள் தென்பகுதிக்கு அண்மையில் திருநெல்வேலி நிலையமும் பிறந்தன. 1997 முதல் இவையெல்லாம் பிரசார் பாரதியின் கீழ் வந்தன. ஆண்டவர்கள் மாறினர், கோபுரங்கள் உயர்ந்தன, ஆயினும் நேயர் தம் வீட்டுப் பெட்டியை மாற்ற வேண்டிய கட்டாயம் நேரவில்லை. குமிழைச் சிறிது வலப்புறமோ இடப்புறமோ நகர்த்தினால் போதுமாயிருந்தது.

இப்போதைய மாற்றம் அத்தகையது அன்று. ஆகாசவாணியின் செயலி ஒன்றில் நாடெங்கிலுமுள்ள இருநூறுக்கு மேற்பட்ட ஒலிபரப்புச் சேவைகளைக் கேட்கலாம். 2024 நவம்பர் 20-ஆம் நாள் கோவாவில் நடைபெற்ற திரைப்பட விழாவில், வானொலியையும் தொலைக்காட்சியையும் ஒன்றாகச் சேர்த்து ‘வேவ்ஸ்’ என்ற புதிய தளத்தைப் பிரசார் பாரதி தொடங்கியது. கடல் கடந்த நிறுவனங்களும் இவ்வழியே சென்றன. பி.பி.சி.யின் தமிழோசை 1941 மே மாதம் தொடங்கி, 2017 ஏப்ரல் 30-ஆம் நாளோடு வானொலியில் ஓய்ந்தது. அதன் பின் பி.பி.சி. தமிழ் இணையத்தில் தொடர்ந்தது. எழுபத்தாறு ஆண்டுகள்! சிற்றலைப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு இரவுச் செய்தி கேட்டவர்கள் எங்கள் ஊர்ப்பக்கம் பலர் இருந்தனர். மறுநாள் இரவு அதே இடத்தில் குமிழை நிறுத்தியபோது அவர்கள் கேட்டது இரைச்சலை மட்டுமே.

கோபுரத்துக்கும் செயலிக்கும் உள்ள வேற்றுமையை நீங்கள் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். கோபுரம் ஒரு முறை கட்டப்படுகிறது. அதைப் பேணும் பொறியாளர் நிலையத்திலேயே ஊதியம் பெறுகிறார். செயலியோ, அதைத் தாங்கி நிற்கும் கைபேசி ஆண்டுக்கொருமுறை தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்வதால், தானும் ஓயாமல் மாற வேண்டியதாகிறது. சென்ற ஆண்டு நன்றாக இயங்கியது இந்த ஆண்டு திறக்கவே மறுக்கும். மேலும், இதை வடிவமைக்கும் திறன் ஒலிபரப்பாளரிடம் இயல்பாக அமைந்ததன்று. நிகழ்ச்சி அமைப்பாளர் நாடகம் அறிவார், இசை அறிவார். விரல் நுனி எந்தப் பொத்தானை முதலில் தேடும் என்பதை அறியார். எனவே வெளியிலுள்ள வடிவமைப்பு நிறுவனம் ஒன்றோடு உடன்படிக்கை செய்துகொள்கிறார்கள். அவ்வுடன்படிக்கை ஆறு மாதத்துக்கா, ஆண்டுகள் பலவற்றுக்கா என்பதில்தான் நன்மை தீமை எல்லாம் அடங்கியிருக்கிறது.

சிவகாசி அச்சகங்களை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். வெளியூரில் துணிக்கடை நடத்துபவர் ஒருவர் நாட்காட்டி அச்சிட ஆண்டுதோறும் ஒரே அச்சகத்தை நாடி வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முருகன் படத்தில் மயிலின் கழுத்துக்கு எவ்வளவு நீலம் வேண்டும், கடைப் பெயர் எத்தனை அங்குலம் இருந்தால் முதலாளிக்கு மனம் நிறையும் என்பவை அச்சகத்தாருக்குத் தெரியும். சென்ற ஆண்டு அமாவாசைக் குறி சிறிதாக இருந்ததென்று கடைக்கு வந்த முதியவர்கள் குறைப்பட்டார்கள் என்றால், அடுத்த ஆண்டு அது பெரிதாகிவிடும். யாரும் அதை எழுதிக்கொடுக்க வேண்டுவதில்லை. திருவிழாவுக்குப் பந்தல் போடுபவரின் உறவு வேறு வகையானது. மூன்றாம் நாள் கொடி இறங்கியதும் மூங்கிலைக் கழற்றிக்கொண்டு அவர் அடுத்த ஊருக்குப் போய்விடுவார். பந்தலுக்கு அது போதும். ஆனால் வானொலியின் புதுமனையைப் பந்தல்காரரிடம் கொடுத்தவர்கள் உலகில் பலர்.

பெரிய நிறுவனங்கள் இதை எவ்வாறு செய்கின்றன என்பதற்கு மீண்டும் பி.பி.சி.யையே காட்டலாம். அதன் இணையப் பக்கங்கள் பல துறையினரால், பல ஆண்டுகளில், தத்தமக்குத் தோன்றியவாறு எழுப்பப்பட்டவை. செய்திப் பக்கத்தில் ஒரு முறை, விளையாட்டுப் பக்கத்தில் வேறொரு முறை என்று இருந்தது. 2010-இல் நெவில் பிராடி என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளரின் நிறுவனத்தைத் துணையாகக் கொண்டு, எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான கட்டங்களும் எழுத்தளவுகளும் குறிகளும் வகுத்தார்கள். நான் இங்கே வியந்து நோக்குவது அழகை அன்று. வகுத்த விதிகளை எழுதி, எவரும் படிக்குமாறு வெளியிட்டார்கள். பின்வந்த ஆண்டுகளில் அவற்றை நிறுவனத்தாரே வளர்த்துவந்தார்கள். தச்சரை வெளியிலிருந்து அழைத்தாலும் வீட்டின் வரைபடம் வீட்டுக்காரரின் பெட்டியில் இருந்தது.

அதே பி.பி.சி. முன்னொருமுறை பட்ட பாட்டையும் நீங்கள் அறிதல் நன்று. இது மாணவர்களைப் பற்றிய கதையும் ஆகும்.

இங்கிலாந்தில் 1086-இல் வில்லியம் மன்னன் தன் நாட்டின் நிலங்களையும் ஊர்களையும் கணக்கெடுத்து எழுதுவித்தான். ‘டூம்ஸ்டே’ என வழங்கும் அக்கணக்கேடு தோலில், இலத்தீன் மொழியில் எழுதப்பட்டது. அதன் தொள்ளாயிரமாவது ஆண்டை முன்னிட்டு, 1980-களின் நடுவில், பி.பி.சி. புதியதொரு கணக்கெடுப்பைத் தொடங்கிற்று. இம்முறை எழுதியவர்கள் அரசன் அனுப்பிய அலுவலர்கள் அல்லர். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். நாட்டை நான்கு கிலோமீட்டருக்கு மூன்று கிலோமீட்டர் என்ற அளவில் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அவ்வூர்ப் பள்ளியிடம் ஒப்படைத்தார்கள். கடைத்தெருவில் என்ன விற்கிறது, பிள்ளைகள் மாலையில் என்ன விளையாடுகிறார்கள், தாத்தாவுக்கு என்ன வேலை என்றெல்லாம் அவர்கள் எழுதினர், படம் எடுத்தனர். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் இதில் பங்கு கொண்டனர். பி.பி.சி.க்குத் துணையாக ஏக்கார்ன், பிலிப்ஸ், லாஜிகா ஆகிய நிறுவனங்கள் நின்றன. கணிப்பொறி ஒருவருடையது, ஒளித்தட்டு ஒருவருடையது, அதை இயக்கும் நிரல் மற்றொருவருடையது. 1986-இல் வேலை முடிந்தது. அக்காலத்துக்கு அது பெரும் அற்புதம்.

ஆனால் அவ்வொளித்தட்டை வேறெந்தக் கருவியிலும் இட்டுப் பார்க்க முடியாது. கருவியின் விலையோ பல ஆயிரம் பவுன். தம் பெயரோடு வெளிவந்த எழுத்தை வாங்கிப் பார்க்கப் பள்ளிகள் பலவற்றுக்கு வசதியில்லை. கருவிகள் பழுதாயின, புதியவை செய்வார் இல்லை. பதினாறு ஆண்டுகள் கழிவதற்குள், 2002 அளவில், அத்தட்டுகள் படிக்க முடியாமலே போய்விடுமோ என்ற அச்சம் எழுந்தது. லீட்சு, மிச்சிகன் ஆகிய இரு பல்கலைக்கழகத்து அறிஞர்கள் பெருமுயற்சி செய்து, புதிய கணிப்பொறியைப் பழைய கணிப்பொறிபோல் நடிக்கச் செய்து, உள்ளிருந்ததை மீட்டுக் காட்டினர். 2011-இல் அவை இணையத்தில் ஏறின. 2018-இல் அந்த இணையத்தளமும் மூடப்பட்டு, அதன் படி ஒன்று மட்டும் ஆவணக் காப்பகத்தார் வசம் சேமிக்கப்பட்டது. 1086-இல் எழுதிய தோல் ஏட்டை, இலத்தீன் அறிந்தவர் இன்றும் இலண்டனில் படிக்கலாம்.

கூட்டு வைத்த நிறுவனங்களின் திறமையில் குறை இருந்ததாக நான் கருதவில்லை. தட்டு வெளியானதும் வேலை முடிந்துவிட்டதென்று எல்லோரும் எண்ணியதே இடர்க்கு வித்தாயிற்று என்பது என் துணிபு.

இனி, என் கதைக்கு வருகிறேன். நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளி ஒன்றில், 2011-ஆம் ஆண்டளவில், மாணவர்களை அவரவர் பாட்டி தாத்தாக்களிடம் அனுப்பி, அவர்கள் பேச்சைப் பதிவு செய்து வரச் சொன்னேன். தீப்பெட்டிக்குக் கட்டை அடுக்கிக் கூலி வாங்கியது, வைப்பாற்றில் வெள்ளம் வந்தது, மழை பொய்த்த ஆண்டில் ஊரே பட்டாசு வேலைக்குத் திரும்பியது என்று நாற்பதுக்கு மேற்பட்ட குரல்கள் சேர்ந்தன. கணினி தெரிந்த இளைஞர் ஒருவர் ஒரு தொகை பெற்றுக்கொண்டு பள்ளிக்கென இணையத்தளம் அமைத்து, அவற்றை அதில் ஏற்றித் தந்தார். விழா எடுத்தோம், கைதட்டினோம். இணைய முகவரி அவருடைய பெயரில் பதிவாகியிருந்தது என்பதோ, அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டென்பதோ எனக்குத் தெரியாது. கேட்டிருக்க வேண்டியவன் நான், கேட்கவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர் வேலை தேடி வெளியூர் சென்றுவிட்டார். ஒருநாள் வகுப்பில் திறந்து காட்ட முயன்றபோது தளம் இல்லை. மூலப் பதிவுகள் பிள்ளைகளின் வீட்டுக் கைபேசிகளில் இருந்தவை. அவை எப்போதோ அழிந்திருந்தன. அப்பாட்டிமார்களுள் பலர் இப்போது உயிரோடு இல்லை. ஒரு மாணவி, இப்போது அவளுக்கே குழந்தை இருக்கிறது, “சார், எங்க அப்பத்தா குரல் உங்ககிட்ட இருக்கா?” என்று சென்ற பொங்கலன்று கேட்டாள். எங்கள் ஊருக்கு அருகே விஜயகரிசல்குளத்து மேட்டில் 2022 மார்ச்சு முதல் தொல்லியல் துறையினர் அகழ்ந்து, பழங்காலச் சங்கு வளையல்களை எடுத்திருக்கிறார்கள். அவற்றைக் காணச் சென்ற மாணவர்களோடு நானும் போயிருந்தேன். எங்கள் பதிவுகள் ஐந்தாண்டுகூடத் தாங்கவில்லை என்று அங்கே நின்றபோது நினைத்துக்கொண்டேன்.

ஒரு பள்ளிக்கு நேர்ந்தது இது. பல்லாண்டு ஒலிநாடாக்களை வைத்திருக்கும் ஒலிபரப்பு நிறுவனத்துக்கு நேர்ந்தால் இழப்பு எத்தகையதாக இருக்கும்! மனையைப் புதுப்பிக்கும்போது பழைய அறைகளில் இருந்தவற்றை யார் எடுத்து வைப்பது என்ற கேள்வி உடன்படிக்கையின் முதற்பக்கத்திலேயே இருத்தல் வேண்டும். தமிழுக்கு இதில் தனியானதோர் இடரும் உண்டு. 1990-களிலும் 2000-த்தின் தொடக்கத்திலும் தமிழ் இணையப் பக்கங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் எழுத்துருவில் அமைந்தன. அந்தந்த எழுத்துரு இல்லாதவரின் திரையில் அவை வெறும் கிறுக்கலாகவே தோன்றும். 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின்போது சில பொதுமுறைகள் வகுக்கப்பட்டன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்றது. ஆயினும் அதற்கு முன் எழுந்த பக்கங்கள் பழைய எழுத்துருவிலேயே கிடந்தன. தமிழறியாத வடிவமைப்பாளர் அத்தகைய பக்கத்தைக் கண்டால் பழுதுபட்ட குப்பை என்று நீக்கிவிடுவார். அருகிலிருந்து, “ஐயா, பொறுங்கள், அது கி.வா.ஜ.வின் பேச்சாகவும் இருக்கலாம்” என்று சொல்லத் தமிழறிந்த ஒருவர் வேண்டுமன்றோ?

எழுத்தின் உருவமும் இடையூறு தரும். ஆங்கிலத்தில் நான்கெழுத்தில் முடியும் சொல் தமிழில் பத்தெழுத்தாகும். ஆங்கிலத்தை எண்ணி அமைத்த சிறு பொத்தானுக்குள் ‘நிகழ்ச்சிநிரல்’ என்பது அடங்காது. ‘நிகழ்ச்…’ என்று பாதியில் நின்றுவிடும். சிங்கப்பூரில் மீடியாகார்ப் நிறுவனத்துக்குத் தமிழ் வானொலியாக ‘ஒலி’யும், தமிழ்ச் செய்திக்கெனச் ‘செய்தி’ என்ற தளமும் உண்டு. நான்கு மொழியார் வாழும் ஒரே வீட்டில் தமிழுக்கும் தனி அறை தந்திருப்பது போற்றத்தக்கது. வடிவமைப்பாளர் முதலில் தமிழில் வரைந்து பார்த்துவிட்டு, பிறகு ஆங்கிலத்துக்குப் போனால் பல தொல்லைகள் தீருமென்பது என் கருத்து. நீளமான சட்டை தைப்பவர் கையிலிருந்து குட்டைச் சட்டை தானே வரும்.

நேயரைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. எங்கள் தெருவில் ஓர் அம்மையார் இருக்கிறார். என் பழைய மாணவன் ஒருவனின் தாயார். இளமையில் வீட்டுத் திண்ணையில் கட்டை அடுக்கிக்கொண்டே இலங்கை வானொலியின் பாட்டுகளைக் கேட்டவர். பின்னர்ப் பட்டாசு வேலைக்குச் சென்றார், இன்றும் செல்கிறார். பட்டாசு ஆலைக்குள் கைபேசி கொண்டுசெல்லலாகாது. மருந்துள்ள இடத்தில் சிறு பொறிக்கும் வழி விடக்கூடாதென்பதால் வந்த கட்டுப்பாடு அது. ஆகவே பகலில் ஒலிபரப்பாகும் மகளிர் நிகழ்ச்சி எதுவும் அவருக்கு எட்டாது. மாலையில் வீடு திரும்பி, அடுப்பு மூட்டிய பிறகே கைபேசியை எடுப்பார். நேரலையை மட்டும் தரும் செயலி அவருக்குப் பாதிப் பயனே தரும். பகலில் ஒலித்ததை மாலையில் எடுத்துக் கேட்க வசதியிருந்தால் அதுவே அவருக்கு வானொலி.

அவர் பயன்படுத்திவந்த செயலி ஒன்று சில மாதங்களுக்கு முன் புதிய உருவம் பெற்றது. மறுநாள் மாலை விரிசல் விழுந்த தம் கைபேசியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“சார், நம்ம ஸ்டேஷனைக் காணோம்.”

வாங்கிப் பார்த்தேன். முன்பு முகப்பிலேயே இருந்த நிலையப் பெயர், மூன்று கோடு போட்ட குறி ஒன்றுக்குள் ஒளிந்திருந்தது. அதைத் தொட்டால் நீண்டதொரு பட்டியல். அதுவும் ஆங்கில எழுத்து வரிசையில். அம்மையார் ஐந்தாம் வகுப்புவரை தமிழ் படித்தவர்.

“அம்மா, இந்த மூணு கோட்டைத் தொடுங்க,” என்றேன்.

“அது கோடுன்னு நான் என்னத்தைக் கண்டேன்? ஏதோ அழகுக்குப் போட்டிருக்கான்னு நினைச்சேன்,” என்றார்.

வடிவமைத்தவர்களை நான் குற்றம் கூறவில்லை. பெருநகரில் குளிர்சாதன அறையில் இருந்துகொண்டு அவர்கள் இவ்வம்மையாரைக் கண்டிருக்க முடியாது. ஆனால் காணும்படி செய்ய முடியும். புதிய உருவத்தை வெளியிடுமுன் இத்தகையோர் பத்துப் பேர் கையில் கொடுத்து, வாய் திறவாமல் அருகில் அமர்ந்து பார்த்தாலே போதும். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு முதலில் கற்பித்த பாடம் இதுதான்: வகுப்பின் கடைசி விசிப்பலகையில் இருப்பவனின் முகத்தைப் பார்த்துக் கற்பி என்பார்கள். இப்படிப்பட்ட குறைகள் முதலாண்டில் வெளிவாரா. இரண்டாம் ஆண்டில், மூன்றாம் ஆண்டில், கடிதம் வந்து, முறையீடு வந்து, அதன்பின்னரே தெரியவரும். அப்போது திருத்துவதற்குக் கட்டியவர் அங்கே இருக்க வேண்டும். நெடுங்கால உடன்படிக்கையை நான் விரும்புவது இதனால்தான்.

அவ்வுறவிலும் ஓர் ஆபத்து இல்லாமல் இல்லை. பல ஆண்டு பழகிய நிறுவனத்தின் கையிலேயே சாவிக்கொத்து முழுதும் தங்கிவிட்டால், ஒலிபரப்பாளர் தம் வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருப்பவர் போலாகிவிடுவார். இணைய முகவரி நிலையத்தின் பெயரில் இருத்தல் வேண்டும். நிரலின் மூலப்படி நிலையத்திடம் இருத்தல் வேண்டும். வெளியாரோடு அமர்ந்து வேலை கற்ற நிலைய ஊழியர் இருவரேனும் எப்போதும் இருத்தல் வேண்டும். பழைய முகவரியைத் தேடி வருபவரைப் புதிய இடத்துக்கு அழைத்துச் செல்லும் வழி மூடப்படலாகாது. இவை பெருஞ்செலவு பிடிப்பன அல்ல. கேட்டு வாங்க வேண்டியவை; நான் கேட்கத் தவறியவை.

கல்லூரியில் கணினிப் பாடம் பயில்வோர் உங்களில் பலர் இருப்பீர்கள். நாளை இத்தகைய மனையைக் கட்டும் நிறுவனத்திலோ, கட்டுவிக்கும் நிலையத்திலோ நீங்கள் மேசையின் ஏதேனும் ஒரு பக்கத்தில் அமரக்கூடும் என்பதாலேயே இவ்வளவும் சொன்னேன்.

எங்கள் தெரு அம்மையார் இப்போது மூன்று கோட்டைத் தொடக் கற்றுக்கொண்டார். தம்மோடு வேலை செய்யும் மற்றப் பெண்களுக்கும் கற்பித்திருக்கிறார். நிலையத்தின் பெயரைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி, நான் எழுதிய சீட்டைக் கைபேசி உறையின் பின்புறம் ஒட்டி வைத்திருக்கிறார். இன்று இப்பேச்சைப் பதிவு செய்ய நிலையத்துக்குள் நுழைந்தபோது, ஒலிப்பதிவைக் கவனிக்கும் தம்பியிடம், இது எந்தப் பெயரில் எங்கே சேமிக்கப்படும் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட பெயர். அதை என் நாட்குறிப்பில் இன்றைய தேதிக்கு நேராகப் படியெடுத்துக்கொண்டேன்.